தீராத நோயும் தளராத ஈமானும்

(ஷஅபான் மாதத்தில், வணிகர்களும் இளைஞர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. கடையை வேலையாட்களிடம் ஒப்படைத்து விட்டு, கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். வழக்கமாக இந்த மேடையில் நான் சமுதாயப் பிரச்சனைகளைப் பேசுவேன். ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்பேன். இன்று நான் கேள்வி கேட்கப் போவது என்னையே. பேசப் போவது என் உடம்பைப் பற்றி.

"ஹஜ்ரத்துக்கு என்ன ஆயிற்று? உடம்பைப் பற்றிப் பேச மேடை எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். சகோதரர்களே! எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு வருடமாக இருக்கிறது. இதைச் சபையில் சொல்வது இதுதான் முதல் தடவை. ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை, ஏன் இப்போது சொல்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

அவர் முந்திச் சொல்லும் ஸலாம்

முதலில் என் தவறிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பது வருடங்களுக்கு முன், ரமளானுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடைத்தெருவில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அறுபதை நெருங்கிய வயது. "ஹஜ்ரத், சர்க்கரைக்கு ரெண்டு வேளை ஊசி போடுறேன். இந்த வருஷம் நோன்பு வேண்டாம்னு டாக்டர் சொல்றார். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

நான் வண்டியை நிறுத்தி இறங்கக்கூட இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "அல்லாஹ் மேல பாரத்தைப் போட்டு வைங்க பாய்! நோன்பு வச்சு யாரும் கெட்டுப் போனதில்ல. டாக்டருக்கு நோன்போட அருமை தெரியுமா?" என்று சொல்லி விட்டுப் போய் விட்டேன். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகி விட்டது. அவ்வளவுதான் நான் அவருக்குக் கொடுத்த நேரம்.

பதினேழாவது நோன்பு. அஸருக்குப் பின் ஒரு வாடிக்கையாளருக்காகப் பரணில் இருந்த சாமானை எடுக்க ஏணியில் ஏறியிருக்கிறார். சர்க்கரை தாழ்ந்து, கண் இருட்டி, கீழே விழுந்து விட்டார். அல்லாஹ் உயிரைக் காப்பாற்றினான். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்து விட்டது. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த மகன் படிப்பை விட்டு விட்டுக் கல்லாவில் உட்கார்ந்தான். அந்தப் பெரியவர் இன்றும் கைத்தடியோடுதான் பள்ளிவாசலுக்கு வருகிறார்.

அவர் ஒரு நாளும், ஒரு வார்த்தையும் என்னைக் குறை சொன்னதில்லை. என்னைக் கண்டால் ஸலாம் சொல்வதில் முந்திக் கொள்கிறார். அந்த ஸலாம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

மதரஸாவில் நான் ஓதிய ஒரு ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தில் ஒரு நபித்தோழருக்குக் கல் பட்டு மண்டையில் காயம். அந்த நிலையில் அவருக்குக் குளிப்பு கடமையாகி விட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்து போனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்று விட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்று சொன்னார்கள்.

இந்த ஹதீஸை நான் பலமுறை பயானில் சொல்லியிருக்கிறேன். அதில் வரும் அந்தக் கூட்டாளிகளில் நானும் ஒருவன் என்பது பிறகுதான் உறைத்தது. மார்க்கம் தெரிந்தவன் என்ற தைரியத்தில், மருத்துவம் தெரியாமல், ஒரு மனிதருடைய உயிர் விஷயத்தில் ஓடுகிற வண்டியிலிருந்து தீர்ப்புச் சொன்னேன். இங்கே என்னைப் போன்ற உலமாக்கள் இருக்கிறீர்கள். நம்மிடம் நோயாளி வந்து கேட்டால், "உங்கள் டாக்டர் என்ன சொன்னார்?" என்று முதலில் கேளுங்கள். பிறகு மார்க்கம் சொல்லுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

உதாரணம் காட்டப் போய்

அடுத்து என் முறை வந்தது. ஏழு வருடங்களுக்கு முன் நமது அமைப்பின் சார்பில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். துவக்கி வைத்தவன் நான். ஜனங்கள் ஊசிக்குப் பயந்து தயங்கினார்கள். "இதுக்குப் போய் பயப்படலாமா?" என்று முதல் ஆளாக விரலை நீட்டினேன். ஒரு சொட்டு ரத்தம். கருவியில் 312 என்று காட்டியது. அந்தச் சகோதரி என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக் கொண்டே எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன்.

யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் இருந்தன. இரவில் நான்கு தடவை எழுவேன். வயதாகிறது என்று நினைத்தேன். வேட்டி தளர்ந்தது, அலைச்சல் என்று நினைத்தேன். முதுகில் வந்த கட்டி ஒன்றரை மாதம் ஆறவில்லை. சூடு என்று நினைத்தேன்.

சகோதரர்களே! ஐந்து மாதம் என் மனைவிக்குச் சொல்லவில்லை. "தலைவருக்கே நோயாம்" என்பார்களே என்ற கூச்சம். நாளைக்கு மகளுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள், "குடும்பத்துல சர்க்கரையா?" என்று கேட்பார்களே என்ற கவலை. மாத்திரை அட்டையை ஜிப்பாப் பையில் ஒளித்து வைத்தேன். நினைவு வந்தால் போடுவேன். கூட்டம் முடிந்து நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு விட்டு, அதற்கு மேல் ஒரு மாத்திரை. இதுதான் என் வைத்தியம். இதற்கு நான் வைத்திருந்த பெயர் தவக்குல்!

இது தவக்குலா? இங்கே கடைக்காரர்கள் இருக்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள். இரவில் ஷட்டரை இறக்கி, இரண்டு பூட்டுப் போட்டு, இழுத்துப் பார்த்து, பிறகு பிஸ்மி சொல்லி வீட்டுக்குப் போகிறீர்கள். அது தவக்குல். "அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்று ஷட்டரைத் திறந்து போட்டு விட்டுப் போகிறவரை நாம் இறைநேசர் என்றா சொல்கிறோம்? கடைக்குப் பூட்டுப் போடுகிற நாம், அல்லாஹ் கொடுத்த உடம்பைத் திறந்து போட்டு விடுகிறோம். உங்களை நீங்களே அழிவில் தள்ளிக் கொள்ளாதீர்கள் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தரும் கருத்து. மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. மருந்து சாப்பிடுவதும் சுன்னத்தில் அடங்கியதுதான்.

மூன்று மாதக் கணக்கு

இந்த நோய் எத்தனை பேருக்கு என்று தெரிந்து கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அதாவது தொழுகை வரிசையில் ஏழு பேர் நின்றால் அதில் ஒருவர். உங்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் பாருங்கள். இதில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இது வலிக்காத நோய். வலிக்கும்போது காலம் கடந்திருக்கும். கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு என்று ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் அரிக்கும்.

வியாபாரிகளின் அன்றாட வாழ்க்கையைப் பாருங்கள். காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணி வரை கல்லாவில் ஒரே உட்கார்வு. வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் அவரோடு ஒரு தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி. மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு. இரவு பதினொரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுக்கை. வெள்ளிக்கிழமை பிரியாணி, வலீமா விருந்தில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் பிர்னியும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவு திர்மிதியில் இருக்கிறது. நம்முடைய விருந்துகளில் மூன்று பங்கும் சோற்றுக்கே போய் விடுகிறது.

பரிசோதனை பற்றி உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். விரலில் குத்திப் பார்ப்பது ஒரு நாள் கல்லாவைப் பார்ப்பது போல. இன்று வியாபாரம் நன்றாக இருக்கலாம். நேற்று நஷ்டமாக இருந்திருக்கலாம். ஹெச்பிஏ1சி என்றொரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது மூன்று மாதக் கணக்கு. பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்து டாக்டரை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். அந்த மூன்று மாதக் கணக்கை அப்படி ஏமாற்ற முடியாது. பொதுவாக 7க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். வயதுக்கும் உடல்நிலைக்கும் தக்கபடி டாக்டர் கூட்டிக் குறைத்துச் சொல்வார். சரக்குக் கணக்கை ஒரு பைசா விடாமல் பார்க்கிற நாம், மறுமையில் கேட்கப்படப் போகும் இந்த அமானிதத்தின் கணக்கை வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா?

வேறொன்றும் சொல்ல வேண்டும். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், "முப்பது நாளில் சர்க்கரை ஒழியும்" என்று பொடி விற்கிறார்கள். சிலர் அதற்கு நபிவழி மருத்துவம் என்றும் பெயர் சூட்டுகிறார்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்வதை ஏற்க முடியாது. இன்சுலின் 1921ல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் முதல் நோயாளியான ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இன்சுலின் சுரக்காத குழந்தைகள் பிழைக்க வழியே இல்லை. அந்த அறிவையும் கொடுத்தவன் அல்லாஹ்தான். "அது பன்றியிலிருந்து எடுப்பதாச்சே" என்று இன்றும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மை. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்து விட்டது. இன்று நமக்கு எழுதிக் கொடுக்கப்படுவது இந்த முறையில் தயாரானதே. ஐயமிருந்தால் மருந்துக் கடையில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். வதந்தியை நம்பி ஊசியை நிறுத்தாதீர்கள்.

"அது மத்தவங்களுக்கு மட்டுமா அத்தா?"

இப்போது ரமளானுக்கு வருகிறேன். நோய் தெரிந்த இரண்டாவது வருடம். நோன்பை விட மனம் வரவில்லை; டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லி விடுவாரோ என்ற பயம். ஸஹரில் ஒரு கை இடியாப்பம் சாப்பிட்டு, காலையில் போட வேண்டிய மாத்திரையை அப்படியே போட்டுக் கொண்டேன். பகல் முழுக்க ஃபித்ரா வசூல் வேலையாக அலைச்சல்.

அஸர் தொழுது வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. கை நடுங்கியது. சின்ன மகன் ஏதோ கேட்டதற்கு, காரணமில்லாமல் அவனைக் கத்தினேன். என் மனைவி ஓடி வந்து கருவியை எடுத்துப் பார்த்தார். 52. "ஏங்க, நோன்பைத் திறந்துடுங்க" என்றார். "இன்னும் ஒன்றரை மணி நேரம்தான், தாங்கிக்குவேன்" என்றேன். அவர் கெஞ்சினார். என் தாயார் அழுதார். நான் அசையவில்லை.

அப்போது பதினான்கு வயது மகள், ஒரு தம்ளர் சீனித் தண்ணீரோடு என் முன்னால் வந்து நின்றாள். "அத்தா, போன வெள்ளிக்கிழமை பயான்ல நோயாளிக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க? அது மத்தவங்களுக்கு மட்டுமா அத்தா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. குடித்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு யோசித்தேன். இரும்புக் கடைப் பெரியவர் ஏணியில் ஏறியபோதும் இப்படித்தானே இருந்திருக்கும்? அவர் பக்கத்தில் கேட்பதற்கு ஒரு மகள் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் என்னுடைய வார்த்தை மட்டும்தான்.

சகோதரர்களே! அல்பகராவின் 184, 185 வசனங்களை எடுத்துப் பாருங்கள். நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்கும் வழியையும் அல்லாஹ் சொல்லி விட்டான்; அவன் இலேசையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை என்றும் அறிவித்து விட்டான். கட்டளை தந்தவன்தான் சலுகையும் தந்தான். ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளினால் அது பக்தி ஆகாது. மனதின் ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கும் பெருமைதான் அது. எனக்கு இருந்தது அதுதான். "தலைவர் நோன்பு வைக்கவில்லையாம்" என்று யாரும் சொல்லி விடக் கூடாதே என்று ஜனங்களுக்குப் பயந்து பட்டினி கிடந்தேன். அந்தப் பட்டினி யாருக்காக என்று அல்லாஹ் கேட்டால் என்ன சொல்வேன்?

சர்க்கரை நோயாளிகள் யாரும் நோன்பு வைக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக் கொள்ள வேண்டாம். 2001ல் 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நோன்பாவது வைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது, மற்ற மாதங்களை விட ரமளானில் ஏழரை மடங்கு கூடியிருந்தது. முன்னேற்பாடு செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இதிலிருந்து புரிந்து கொள்ளலாம்.

ஆகவே, ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதுவரை பார்க்காதவர்கள் நாளைக் காலையே போங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். நாமாக மாற்றக் கூடாது. முதல் வகை நோயாளிகள், அடிக்கடி சர்க்கரை தாழ்கிறவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகள் ஆகியோர் நோன்பைத் தவிர்க்கும்படியே பொதுவாக மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நோன்போடு விரலில் குத்திப் பாருங்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதாலோ, உணவாக அமையாத ஊசியாலோ நோன்பு முறியாது என்று 1997ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்திருக்கிறது. 70க்குக் கீழே போனாலும், 300க்கு மேலே போனாலும் நோன்பைத் திறந்து விட வேண்டும். மக்ரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் சரி!

ஸஹரை விடாதீர்கள், கடைசி நேரம் வரை தாமதித்துச் சாப்பிடுங்கள். நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், அளவான கஞ்சி போதும். சமோசா, வடை, கடற்பாசி, நன்னாரி சர்பத் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் உள்ளே தள்ளி விட்டு, தராவீஹில் மூச்சு வாங்கி நிற்பது நோன்பின் நோக்கம் அல்ல. விட்ட நோன்பைப் பிறகு நோற்க முடிகிறவர் களாச் செய்ய வேண்டும். குணமாகி நோற்கும் நம்பிக்கையே இல்லாதவர் ஃபித்யாவாக ஏழைக்கு உணவளிக்க வேண்டும். உங்கள் நிலை எது என்பதை டாக்டரின் பேச்சோடு வந்து உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களின் ஹக்கு

நோய் எனக்கு, ஆனால் அதைச் சுமந்தவர் என் மனைவி. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு சமையல், என் தாயாருக்குக் காரமில்லாமல் ஒன்று, எனக்கென்று ஒன்று. இதற்கு மேல் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் நான் எரிந்து விழுவேன். ஊருக்கெல்லாம் மனைவியின் உரிமையைப் பயான் செய்து விட்டு, வீட்டில் என் மாத்திரைக்கு அவரைக் காவல்காரராக வைத்திருந்தேன்.

ஸல்மான் (ரலி) அவர்கள், இரவெல்லாம் நின்று தொழுது பகலெல்லாம் நோன்பு வைத்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உன் மீது உரிமை உண்டு, உன் உடலுக்கும் உண்டு, உன் குடும்பத்துக்கும் உண்டு, அவரவர் உரிமையைக் கொடு என்று சொன்னதையும், நபி (ஸல்) அவர்கள் அதை உண்மை என்று ஏற்றதையும் புகாரியில் காண்கிறோம். நம்முடைய வீடுகளில் இந்த மூன்று உரிமையும் மோதிக் கொள்வதாக நினைக்கிறோம். உண்மையில் உடம்பின் உரிமையைப் பறித்தால் மற்ற இரண்டும் தானாகப் பறிபோகிறது. இரும்புக் கடைப் பெரியவர் விழுந்தபோது, அவர் மகனின் படிப்பும் சேர்ந்து விழுந்தது.

அந்த ரமளானுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். மாத்திரைக்கு நானே பொறுப்பு. எல்லோருக்கும் ஒரே சமையல். சோறு குறைவு, காய்கறியும் மீனும் அதிகம். பிள்ளைகளும் அதையே சாப்பிடுகிறார்கள். என் நோய் அவர்களுக்கு வராமல் இருக்க அதுவே நல்லது. ஃபஜ்ருக்குப் பின் மனைவியும் நானும் அரை மணி நேரம் நடக்கிறோம். பல வருடமாகப் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் அந்த நடையில்தான் பேசுகிறோம். கூட்டங்களை ஒன்பதரை மணிக்குள் முடிக்கச் சொல்லி விட்டேன். முதலில் முணுமுணுத்த சகோதரர்கள், இப்போது தங்கள் வீட்டிலும் சந்தோஷம் என்கிறார்கள்.

நம் பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரமளானில் மூன்று மணிக்கு எழுந்து அடுப்படியில் நிற்பவர் அவர். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுபவர் அவர். தன் தலைசுற்றலை யாரிடமும் சொல்ல மாட்டார். செலவு வைக்கக் கூடாது என்று மறைப்பார். உங்கள் மனைவிக்கு, உங்கள் தாய்க்குக் கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தீர்கள்? கடைக்குப் புது ஷோகேஸ் போட்ட தேதி நினைவிருக்கிறது, இது நினைவிருக்கிறதா?

இளைஞர்களே!

உங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பெற்றோருக்கு இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். இரவு ஒரு மணிக்குக் குளிர்பானமும் பொரித்த கோழியும் சாப்பிடுகிற பழக்கம் முப்பதிலேயே நோயைக் கொண்டு வந்து விடுகிறது. முப்பது தாண்டியவர்கள் ஒரு முறை பரிசோதித்துக் கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். 100 முதல் 125 வரை என்றால் அது எச்சரிக்கை மணி; நடையாலும் உணவாலும் திரும்பி விடலாம். 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி பரிசோதித்து உறுதி செய்து மருத்துவம் தொடங்க வேண்டும். பணமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கான மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் வீடு தேடி வந்து மருந்து கொடுக்கும் திட்டத்தையும் தமிழக அரசு தொடங்கியது. விபரம் தெரியாத பெரியவர்களை அழைத்துப் போய்ப் பதிந்து கொடுங்கள். அதுவும் சமுதாயப் பணிதான்.

வுளூவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நோய் முற்றினால் காலில் உணர்வு குறையும். முள் குத்தினாலும் தெரியாது; புண் புரையோடிய பிறகுதான் தெரியும். அல்லாஹ் நம்மை ஒரு நாளைக்கு ஐந்து முறை கால் கழுவ வைத்திருக்கிறான். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். கழுவும்போது காலைக் கண்ணால் பாருங்கள். விரல் இடுக்கைத் துணியால் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். உச்சி வெயிலில் பள்ளிவாசல் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். உம்ராவுக்குப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். ஐந்து வேளை தொழுகிறவர் தன் காலில் உள்ள புண்ணைப் பார்க்கவில்லை என்றால், அவர் வுளூவைக் கவனமில்லாமல் செய்கிறார் என்றுதானே பொருள்?

பொறுமை என்பது என்ன?

கடைசியாக ஒன்று. காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பொறுத்துக் கொள்ளலாம். போகாத நோயை எப்படிப் பொறுப்பது? சில நாட்களில் எனக்கும் சலிப்பு வருகிறது. இன்னும் எத்தனை வருடம் இந்த மாத்திரை, இந்தக் குத்தல் என்று தோன்றுகிறது. அய்யூப் (அலை) அவர்களை நினைத்துக் கொள்கிறேன். நோயின் நடுவிலும் அவர்கள் இறைவனிடம் முறையிட்டார்கள். இறைவனைப் பற்றி முறையிடவில்லை. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிற பெரியவரை ஏளனமாகப் பார்க்கிற இளைஞர்கள் இந்த ஹதீஸை மனதில் வையுங்கள்.

ஓர் அடியான் நோயாளியானால், ஆரோக்கியமாக இருந்தபோது அவன் செய்து வந்த அமல்களின் நன்மை அவனுக்குத் தொடர்ந்து எழுதப்படுகிறது என்ற நற்செய்தியும் புகாரியில் இருக்கிறது. எவ்வளவு பெரிய கருணை! நாம் விட்டதை அவன் எழுதிக் கொள்கிறான். நாம் ஏன் மனிதர்கள் என்ன எழுதுவார்களோ என்று அஞ்ச வேண்டும்?

நோயில் பொறுமை என்றால் மௌனமாக உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். அது தினமும் செய்ய வேண்டிய வேலை என்று இப்போது தெரிகிறது. நேரத்துக்கு மாத்திரை போடுவது சப்ரு. இரண்டாவது கரண்டி நெய்ச்சோற்றை மறுப்பது சப்ரு. மனைவி கேட்கும்போது எரிந்து விழாமல் பதில் சொல்வது சப்ரு. நோன்பு வைக்க ஆசை இருந்தும், அல்லாஹ் அனுமதித்தான் என்று தண்ணீரைக் குடிப்பது மிகப் பெரிய சப்ரு.

போன வாரம் அந்த இரும்புக் கடைப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடம் கழித்து, "பாய், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கொண்டு, "நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் ஹஜ்ரத். இதை நாலு பேருக்குச் சொல்லுங்க, அது போதும்" என்றார். அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டே இந்த மேடையில் நிற்கிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! நீ தந்த சலுகையை நன்றியோடு ஏற்கும் பணிவைத் தருவாயாக! அறியாமல் சொன்ன சொல்லால் யாருக்கேனும் நாங்கள் தீங்கு செய்திருந்தால் எங்களை மன்னிப்பாயாக! வரும் ரமளானை ஆரோக்கியத்தோடு அடையும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.